பதில் நாளைக்கு, இப்ப இறங்குங்க

மட்டக்களப்புக்குத் தெற்கே அந்த நாட்களில் பஸ் ஏறிய சனம் மூன்றுக்குப் பயந்தது. முதலாவது, சென்றி என்கிற சோதனைச் சாவடி. இரண்டாவது, சென்றி இல்லாத வெறுந்தெரு. மூன்றாவது, சல்லிக் கொண்டக்டரின் கேள்வி. முதல் இரண்டிலிருந்தும் அடையாள அட்டையோ கண்ணகி அம்மாளோ காப்பாற்றிய சம்பவங்கள் உண்டு. மூன்றாவதிலிருந்து தப்பியவர் என்று ஒருவரையும் நான் கேள்விப்பட்டதில்லை.

பெரியகல்லாற்றிலிருந்து விடிய ஐந்தரைக்கு வெளிக்கிட்டு மட்டக்களப்பு டவுனுக்குப் போகும் தனியார் பஸ்ஸுக்கு அவர் கொண்டக்டர். கொக்குக் கழுத்து. மூக்குக்கண்ணாடியின் ஒரு காலுக்குப் பதிலாகத் தூண்டில் நூல். சட்டைப்பையில், பழுதான கமராவிலிருந்து கழற்றிய ஒரு வில்லை. நீங்கள் காசை நீட்டினால் மற்றக் கொண்டக்டர்களைப் போல வாங்கிப் பைக்குள் போடமாட்டார். முன்பக்கம் பார்ப்பார், பின்பக்கம் பார்ப்பார், ஓரத்தை நகத்தால் தடவுவார், பிறகு வில்லையை எடுத்துக் கண்ணில் வைப்பார். அதற்குள் பஸ் இரண்டு தரிப்பிடம் தாண்டிவிடும். அரிய காசு என்று கண்டால் தன்னுடைய காசைப் பஸ் பைக்குள் போட்டுவிட்டு, உங்கள் காசை இடுப்பில் கட்டியிருந்த அலுமினிய டின்னுக்குள் பஞ்சு சுற்றி வைப்பார். சென்றிகளில் இறங்கும்போது பஸ் பையைச் சாரதியிடம் கொடுத்துவிட்டு இறங்குவார். டின்னைக் கடவுளே வந்து கேட்டாலும் கொடுக்கமாட்டார்.

"மிச்சத்தத் தாங்க கொண்டக்டர், இறங்கப்போறன்."

"தாறன். அதுக்கு முன்ன ஒண்டு சொல்லிற்று இறங்குங்க. சல்லி சல்லி எண்டு கதைக்கிறமே, அது ஆர்ர காசு?"

"ஆர்ர காசு? எங்கட காசுதான்."

"பிழை. பதில் நாளைக்கு, இப்ப இறங்குங்க."

அதுதான் அவருடைய சட்டம். சரியாகச் சொன்னால் கையைப் பிடித்துக் குலுக்குவார். பிழையாகச் சொன்னால் மிச்சக் காசு கைக்கு வரும், பதில் வராது. பதில் வேண்டுமானால் மறுநாளும் அதே பஸ்ஸில் ஏறவேண்டும். இது வியாபாரத் தந்திரம் என்று பஸ் முதலாளி நம்பினார். எனக்குத் தெரிந்து அந்த மனிதனுக்கு வியாபாரமும் தெரியாது, தந்திரமும் தெரியாது. மறுநாள் ஏறியவருக்குப் பதில் கிடைத்தது.

"சல்லி ஒல்லாந்தன்ட செப்புக் காசு. அவன் போய் இருநூறு வருசமாகுது. கோட்டையும் சல்லியும் நம்மளோட நிண்டுட்டு."

எங்கள் பக்கத்தில் காசைச் சல்லி என்றுதான் சொல்வோம். சல்லியையே வில்லை வைத்துப் பார்க்கிறவருக்குச் சல்லிக் கொண்டக்டர் என்று பெயர் விழுந்தது. சொந்தப் பெயரை ஒருவரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

ஓர் ஆங்கில ஆசிரியர் களுவாஞ்சிகுடியில் ஏறுவார். கழுத்துப்பட்டி கட்டியவர். அவரை ஒருநாள் பிடித்துக்கொண்டார்.

"மாஸ்டர், இப்ப இரிக்கிற எலிசபெத்து மகாராணிட தலை நம்மட எந்தக் காசில வந்திச்சு?"

"ஒரு ரூபாய்."

"பிழை."

"ஐம்பது சதம். இருபத்தஞ்சு சதம்."

"மாஸ்டர், ஏலம் கூறாதீங்க. பதில் நாளைக்கு."

மறுநாள் ஆசிரியர் நேரத்துக்கு முன்பே வந்து தெருவில் நின்றார். "ரெண்டு சதத்தில மட்டுந்தான் மாஸ்டர். உலகம் முழுக்க ராச்சியம் வெச்சிருந்த மனிசி. நம்மளிட்ட வந்து ரெண்டு சதம்." ஆசிரியர் டவுன் போய்ச் சேரும்வரை யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

பூரணம் அக்காவை இங்கே சொல்லவேண்டும். மீன் பெட்டியோடு ஏறுகிறவர். அவருடைய காசில் எப்போதும் செதிள் ஒட்டியிருக்கும். சல்லிக் கொண்டக்டர் அதைக்கூட முகம் சுளிக்காமல் வில்லையால் பார்ப்பார்.

"அக்கா, தன்ட பேரையே காசில அடிச்ச இலங்கை ராணி ஆரு?"

"அதெல்லாம் எனக்கெங்க தெரியும். ராணிக்குப் புருசன் இல்லியா?"

"செத்துட்டார்."

"அப்ப சரி, அடிச்சிருப்பாள்."

அந்த ராணி லீலாவதி. மகாபராக்கிரமபாகுவின் மனைவி. பெயர் தெரியாமலே பூரணம் அக்கா விடயத்தைச் சொல்லிவிட்டார் என்று கொண்டக்டர் கீழே இறங்கி வந்து கைகுலுக்கினார். அன்று முழுக்க அவர் கையில் மீன் மணத்தது.

இதே பூரணம் அக்காதான் அவரை ஒருநாள் அழவும் வைத்தார். தாய் வழியாக வந்த யானைச் சல்லி ஒன்று, ஆங்கிலேயன் வந்த புதிதில் அடித்தது, வீட்டில் கிடக்கிறது என்று சொன்னார். கொண்டக்டருக்கு அன்றிரவு நித்திரை இல்லை. மறுநாள் அக்கா அதைக் கொண்டுவந்தார். பெரிய மனிதருக்குக் காட்டப்போகிறோமே என்று சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்து, புதுக் குத்துவிளக்குப் போலப் பளபளவென்று கொண்டுவந்தார். யானை வழுக்கிப்போய்ப் பன்றியாக நின்றது.

கொண்டக்டர் பஸ்ஸின் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். "அக்கா, பாசியோட இரிக்கிறதுதான் அதுக்கு வயசு. காசக் கழுவப்படாது அக்கா. சேத்தோட கிடந்தாலும் கழுவப்படாது." கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். பூரணம் அக்கா பதறிப்போய், "நான் வேணுமெண்டா திரும்பச் சேத்துக்க புதைச்சு வெக்கட்டா?" என்று கேட்டார். பஸ் முழுக்கச் சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

விடுமுறை நாட்களில் சைக்கிளில் வடக்கே போவார். மாங்கேணி, பனிச்சங்கேணி என்று வீடு வீடாகப் பழைய காசு கேட்டுத் திரிவார். போர்க்காலத்தில் முன்பின் தெரியாத ஒருவர் வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டால் என்ன நடக்கும்? அதுதான் நடந்தது. மாங்கேணியில் ஒரு தரப்பு உளவாளி என்று பிடித்தது. பனிச்சங்கேணியில் மற்றத் தரப்பு பிடித்தது. இரண்டு இடத்திலும் அரை நாள் வைத்து விசாரித்து, பதில் சொல்ல முடியாமல் விட்டுவிட்டார்கள். பதில் சொல்ல முடியாமல் போனது விசாரித்தவர்களுக்கு.

அவருக்கு ஈடு கொடுத்தவர் ஒரேயொருவர்தான். காத்தான்குடியில் ஏறும் புடவைக்கடை ஹாஜியார். அவர் பஸ்ஸில் கால் வைக்கும்போதே தொடங்கிவிடுவார். "தம்பி, இண்டைக்கு நான் கேக்கிறன். காசுட ஓரத்தில கீறு கீறா வெச்சது என்னத்துக்கு?"

"என்ன ஹாஜியார், பால்குடிப் பிள்ளைக்குக் கேக்கிற கேள்வி. வெள்ளிக் காசுட ஓரத்தச் சுரண்டிக் களவெடுக்காம இரிக்க. சுரண்டினா கீறு அழிஞ்சிரும், ஆள் அம்புட்டிருவான்."

"அல்லாஹ்! இவன் ஒரு வாரிசுமில்லாம இந்தப் படிப்ப வெச்சிட்டு என்ன செய்யப்போறான்?"

பிறகு அந்தப் பொல்லாத மாதங்கள் வந்தன. தமிழர், முஸ்லிம்கள் என்ற எங்கள் இரண்டு சனத்துக்கும் இடையில் இரத்தம் விழுந்தது. பஸ் காத்தான்குடியில் நிற்காமல் கதவைச் சாத்திக்கொண்டு ஓடியது. ஹாஜியாருக்கென்று கேட்க வைத்திருந்த கேள்வி என்ன என்று ஒருநாள் சாரதி கேட்டார். கொண்டக்டர், "அது அவர்ர கேள்வி" என்று மட்டும் சொன்னார்.

நான் அந்த பஸ்ஸுக்கு எப்படி வந்தேன் என்று சொல்லவில்லை. களுவாஞ்சிகுடியில் ஓர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞராக வேலை. கணவர் சவூதியில். ஒரே மகன் நிரோஷன், பதினாறு வயது, டவுனில் படித்தான். களுவாஞ்சிகுடியில் இறங்கவேண்டிய நான் இறங்காமல், மகனோடு டவுன்வரை போய், அவன் பாடசாலைப் படலைக்குள் நுழைவதைப் பார்த்துவிட்டு, அடுத்த பஸ் பிடித்துத் திரும்பி வந்து, வரவுப் பதிவேட்டில், பிந்தி வந்தவர்களுக்கான சிவப்புக் கோட்டுக்குக் கீழே கையொப்பம் வைப்பேன். ஒவ்வொரு நாளும். என் கைப்பையில் அவனுடைய பிறப்புச் சான்றிதழின் ஆறு பிரதிகள் இருந்தன. அவனுடைய பால்பல்லைக்கூட வைத்திருப்பேன் என்று கொண்டக்டர் பகிடி பண்ணுவார்.

"அக்கா, தம்பிக்கு மீசை வந்துட்டு. இனி நீங்க அரை டிக்கட்டு, அவர் முழு டிக்கட்டு."

"உங்கட வேலையப் பாருங்க."

மகனுக்கு அவரைப் பிடிக்கும். கேள்விக்கெல்லாம் வாய் திறப்பான். நான் தொடையில் கிள்ளி அடக்குவேன். சத்தம் போடாதே, சிரிக்காதே, எழும்பாதே, யன்னலால் பார்க்காதே. அந்த வயதுப் பிள்ளைகளை ஒரு தரப்பு கூட்டிப்போனது, மறு தரப்பு பிடித்துப்போனது. ஒருவர் கண்ணிலும் படாமல் என் பிள்ளை வளர்ந்து முடிந்துவிட வேண்டும். எனக்கு வேறு வேண்டுதல் இருக்கவில்லை.

அப்படியிருக்க ஒருநாள் சென்றியில் எல்லோரையும் இறக்கினார்கள். புதிதாக வந்த ஒரு பொடியன் சிப்பாய் கொண்டக்டரின் டின்னைத் திறந்து பஞ்சைக் கிளறினான். உள்ளே கொக்கி போல வளைந்த சின்னக் கம்பி. வெடிமருந்துக் கம்பி என்று நினைத்துப் பின்னால் பாய்ந்து கத்தினான். அடுத்த நிமிடம் நாங்கள் எல்லோரும் தலைக்கு மேலே கை. என் பக்கத்தில் மகன்.

அதிகாரி ஓடிவந்தார். அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். கொண்டக்டருக்குத் தெரிந்த சிங்களம் முழுவதும் காசில் எழுதியிருப்பதுதான். "இலங்கை", "ரூபாய்", "சதம்" என்ற மூன்று சொல்லையும் சிங்களத்தில் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தார்.

"என்ன இது?" என்று அதிகாரி தமிழில் கேட்டார்.

கொண்டக்டரின் முகம் மலர்ந்தது. அவ்வளவு நேரம் அவர் காத்திருந்த கேள்வி அது. "சேர் சொல்லுங்க பாப்பம்."

"கண்ணகித் தாயே!" என்றார் பூரணம் அக்கா. "இவன் இண்டைக்கு எல்லாரையும் சாகக் குடுக்கப்போறான்."

அதிகாரி கம்பியைத் திருப்பிப் பார்த்தார். "தூண்டில்?"

"பிழை சேர்."

"காதில போடுறது?"

"பிழை சேர்."

"பல்லுக் குத்துறது?" இது பொடியன் சிப்பாய். அவனும் துவக்கைத் தாழ்த்திவிட்டு ஆட்டத்துக்குள் வந்துவிட்டான்.

"பிழை. பதில் நாளைக்கு சேர்."

அதிகாரி அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்து, கம்பியைத் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் பஸ் போகும்போது அந்த அதிகாரி தெருவின் நடுவில் நின்றார். சென்றி எங்களுக்காகக் காத்து நின்றது அன்று ஒருநாள்தான்.

"காசு சேர். வெள்ளிக் கம்பிக் காசு. பாரசீகத்தில லார் எண்டொரு ஊர். அதால பேர் லாரின். நம்மட நாட்டிலயும் கொக்கி மாதிரி வளைச்சு, மேல முத்திரை குத்திப் புழங்கினது."

தன் ஊரில் பாட்டியின் பெட்டிக்குள் இப்படியொன்று கிடந்ததாகவும், தான் அதில் மீன் பிடிக்கப் போய் அடி வாங்கியதாகவும் அதிகாரி சொன்னார். பஸ் முழுக்கச் சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று கந்தோருக்குப் போய் முதலாளிக்கு ஒரு முறைப்பாடு எழுதினேன். "மேற்படி பஸ்ஸின் நடத்துனர் சோதனைச் சாவடிகளில் தேவையற்ற வினாக்களை எழுப்பி, பயணிகளின், விசேடமாகப் பாடசாலை மாணவர்களின் உயிருக்கு ஆபத்தை ஏற்படுத்துவதால், அவரை உடன் நீக்குமாறு தயவாய் வேண்டுகிறேன். இங்ஙனம், ஒரு பெற்றார்." பெயர் போடவில்லை. கெட்டித்தனமாகச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

நாலாம் நாள் அவர் என் இருக்கையருகே வந்து குனிந்தார். "அக்கா, கடிதம் கிடைச்சது."

"எந்தக் கடிதம்?"

"மூண்டு பிரதியில வந்தது. முதலாளி மூண்டையும் என்னட்டத் தந்துட்டார். கந்தோர்க்காரர விட்டா வேற ஆரு அக்கா முறைப்பாட்ட மூண்டு பிரதியில எழுதுவாங்க?"

எனக்கு முகம் எரிந்தது. அவர் சிரிக்கவில்லை. "நீங்க பயப்புடுறது சரிதான்" என்று சொல்லிவிட்டு முன்னால் போனார். அதன் பிறகு எங்கள் இருக்கைக்குக் கேள்வி வரவில்லை. முன் இருக்கையில் கேட்பார், பின் இருக்கையில் கேட்பார், எங்களுக்கு மட்டும் டிக்கட்டும் மிச்சமும் தருவார். மகன் என்னோடு பல நாள் கதைக்கவில்லை. எனக்கும் என்னவோ போல இருந்தது. ஆனால் போய்ச் சொல்லவில்லை.

அந்த மழைக்காலத்தில் ஷெல் விழுந்து ஊரோடு எழும்பி ஒரு பாடசாலைக்குள் ஒன்பது நாள் இருந்தோம். மேசைகளை அடுக்கி மறைப்புக் கட்டி, ஒரு வகுப்பறைக்குள் ஏழு குடும்பம். சல்லிக் கொண்டக்டரும் அங்கே வந்து சேர்ந்தார். பெரியகல்லாற்றில் வாடகைக்கு ஓர் அறை, அதைத் தவிர அவருக்கு வீடு வாசல் இல்லை. தாய் தகப்பனும் இல்லை. ஐந்தாம் நாள் பருப்புக்கு வரிசையில் நிற்கும்போது சத்தமாகக் கேட்டார்.

"வீடு வாசல் இல்லாத சனத்துக்கெண்டு நம்மட நாட்டில ஒரு காசு அடிச்சது. எத்தின ரூபாய்க் காசு?"

ஒருவர் சிரட்டையால் எறிந்தார். ஒரு பெண் அழத் தொடங்கினாள். முதல் நாள் தம்பியைப் புதைத்துவிட்டு வந்த ஒரு கிழவர் மட்டும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "எத்தின ரூபாடா?"

"பதில்..." என்று தொடங்கினார் கொண்டக்டர்.

"நாளைக்கு ஆரு இருப்பாங்களெண்டு தெரியா மனே. இப்பயே சொல்லு."

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடி நூலைச் சரிசெய்தார். தொண்டையைச் செருமினார். தன் சட்டத்தை முதன்முதலாக மீறினார். "பத்து ரூபாய் அப்பா. எண்பத்தேழாம் ஆண்டு. உலகத்தில வீடில்லாதாக்களுக்கெண்டு ஒரு வருசம் வெச்சாங்க, அதுக்கு அடிச்சது. மற்றக் காசு மாதிரி உருண்டை இல்ல. நாலு மூலை."

"நாலு மூலையா?" கிழவர் யோசித்தார். "அப்ப அதுக்காவது ஒரு அறை இரிக்கு."

யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. வரிசை முழுவதும் சிரித்தது. அழுதவளும் சிரித்தாள். ஐந்து நாளில் அந்தப் பாடசாலைக்குள் கேட்ட முதல் சிரிப்பு அது.

ஊர் திரும்பிய இரண்டு மாதத்தில் அந்தக் காலை வந்தது. பஸ்ஸை மறித்தவர்கள் யாருடைய துவக்கோடு நின்றார்கள் என்று எழுதமாட்டேன். மகன் இன்று வெளிநாட்டில் பத்திரமாக இருக்கிறான், எனக்கும் ஐம்பது தாண்டிவிட்டது, ஆனாலும் எழுதமாட்டேன். பழைய அதிகாரி மாறிப் போயிருந்தார். பெண்களைப் பஸ்ஸில் இருக்கச் சொன்னார்கள். சாரதியைத் தவிர ஆண்கள் எல்லோரும் இறங்கி வரிசையாக ஒரு ஜீப்பைக் கடந்து போகவேண்டும். ஜீப்புக்குள் தலையாட்டி. உரச்சாக்கில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை போட்டுத் தலையில் கவிழ்த்த ஒருவன். அவன் தலையாட்டினால் அந்த ஆளைப் பின்னால் நின்ற ட்ரக்கில் ஏற்றினார்கள். அன்று அவன் கண்டபடி ஆட்டினான். தனக்கு விழுந்த அடிக்குப் பயந்து ஆட்டினானோ தெரியாது. முதல் ஏழு பேரில் ஐந்து பேர் ட்ரக்கில்.

மகன் பதினோராவதாக நின்றான். வெள்ளைச் சட்டை. யன்னல் கம்பியைப் பிடித்தபடி அவன் பிடரியைப் பார்த்தேன். எட்டு. ஒன்பது. ஆறு பிரதிகளும் என் மடியில் இருந்தன.

கொண்டக்டர் வழக்கம்போலப் பஸ் பையைச் சாரதியிடம் கொடுத்தார். கடைசியாக இறங்கினார். வரிசையின் பின்னால் போகாமல், தெரியாதவர் போல ஜீப்பின் முன்பக்கமாக நடந்தார். "ஏய்!" என்று ஒரு சத்தம். அவர் திரும்பினார், கால் இடறியது. இடுப்பு டின் தார்த்தெருவில் விழுந்தது.

ஒரு கணம் எல்லோரும் கிரனேட் என்றுதான் நினைத்தார்கள். துவக்கு வைத்திருந்தவர்கள் எல்லோரும் நிலத்தில் விழுந்தார்கள். ஜீப்புக்குள் தலையாட்டியும் குனிந்து விழுந்தான், சாக்கு திரும்பிக் கண் ஓட்டை இரண்டும் காதுப்பக்கம் போயிற்று. நூற்றுக்கணக்கான காசு தெரு முழுக்க உருண்டது. கிணுங் கிணுங் என்று அந்தச் சத்தம். வட்டக் காசு, மூலைக் காசு, பூப்போல வளைந்த பத்துச் சதம். தலையாட்டி எழும்பி, கண் எங்கே என்று சாக்குக்குள் தடவிக்கொண்டிருந்தான். வரிசை பயத்தில் முன்னால் நெருக்கியது. நடுவில் நின்ற ஒரு துவக்குக்காரன், "போ, போ!" என்று இரண்டு மூன்று பேரை ஜீப்புக்கு அங்காலே தள்ளினான். தள்ளுப்பட்டவர்களில் ஒரு வெள்ளைச் சட்டை.

அங்காலே போனவர்கள் தப்பியவர்கள். மகன் தப்பினான்.

கொண்டக்டரைச் சுற்றி நின்று அடித்தார்கள். பிறகு அவரைக் கொண்டே காசு பொறுக்க வைத்தார்கள். பொறுக்கிய காசில் காளையும் "சேது" என்ற எழுத்தும் இருந்தன. பழைய யாழ்ப்பாண அரசர்களின் காசு. இது என்ன இரகசியக் குறி என்று கேட்டு மறுபடியும் அடித்தார்கள். அவர் பதிலை உடனே சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. ட்ரக்கில் ஏற்றும்போது கண்ணாடி இல்லை. எங்கள் பக்கம் திரும்பினார். நான் யன்னலில் நிற்பது அவருக்குத் தெரிந்ததோ என்னவோ.

"பஸ்ஸ எடுங்க, பிள்ளையளுக்குப் பள்ளிக்குப் பிந்துது" என்றார்.

அன்று டவுன் போகும்வரை மகனின் மணிக்கட்டை நான் விடவில்லை. நகம் பதிந்த அடையாளம் ஒரு கிழமை இருந்தது. வெள்ளிக்கிழமை கண்ணகி அம்மன் கோயிலில் பொங்கினேன். கேட்டவர்களிடம் எல்லாம், "அந்த மனிசன்ட விசர் அவரையே திண்டுட்டு. நேரகாலம் தெரியாம டின்னக் கட்டிக்கொண்டு திரிஞ்சா இப்பிடித்தான்" என்று சொன்னேன். என் வாயால்தான் சொன்னேன். மகன் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போனான்.

ட்ரக் போன பிறகு பூரணம் அக்கா இறங்கித் தெருவில் கிடந்த மிச்சக் காசைப் பொறுக்கி, டின்னையும் எடுத்து வைத்திருந்தார். மூடி கிடைக்கவில்லை. மற்றப் பயணிகள் பொறுக்கியதையும் ஒவ்வொருவராகக் கொண்டுவந்து அவருடைய மீன் பெட்டிக்குள் போட்டார்கள். ஒருவர்கூடக் கழுவிக் கொண்டுவரவில்லை.

சில மாதம் கழித்து, ஆயுத பூசைக்குப் பஸ்ஸைக் கழுவிய சாரதி, ஒரு பின்னேரம் பூரணம் அக்காவோடு என் வீட்டுக்கு வந்தார். கையில் டின்னின் மூடி. முன்கண்ணாடிக்கு மேலே பிள்ளையார் படத்துக்குப் பின்னால் இருந்ததாம். மூடிக்குள் பஞ்சு. காசு சுற்றியிருந்த பஞ்சு முழுவதும் அதற்குள் அமத்தி வைத்திருந்தது.

பூரணம் அக்கா கொண்டுவந்த டின்னில் நான் மூடியைப் போட்டுத் திருகிப் பார்த்தேன். மூன்று சுற்று. இறுக்கம். திறக்க எனக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

"விழுந்து திறக்கல்ல புள்ள" என்றார் பூரணம் அக்கா. "மேல வெச்சே திறந்துட்டுத்தான் இறங்கியிருக்கான். பஞ்சு இருந்தா உருளாது, சத்தமும் வராது எண்டு அதையும் எடுத்துட்டான்."

சாரதி நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இறங்க முன்ன என்னட்டக் கேட்டவர், அந்தக் கிளாக்கர் அக்காட மகன் எத்தினையாவதா நிக்கிறான் எண்டு. நான் கேள்வி எண்டுதான் நினைச்சன். பதினொண்டு எண்டன். சரியெண்டு சொல்லி என்ட கையக் குலுக்கினவர்."

மகன் அறைக்குள் இருந்து கேட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த கிழமை பூரணம் அக்காவும் நானும் தேடத் தொடங்கினோம். முகாம் முகாமாகப் போனோம். இந்தப் படலையில் அந்தப் படலையைச் சொன்னார்கள், அந்தப் படலையில் பட்டியலே இல்லை என்றார்கள். பெயர் என்ன என்று கேட்டபோதுதான் எங்களுக்குப் பெயர் தெரியாது என்பது உறைத்தது. முதலாளியிடம் போய் அவருடைய பெயரை எழுதி வாங்கினோம். அழகான, முழுநீளப் பெயர். அதை இங்கே எழுதினால் அந்த பஸ்ஸில் வந்த ஒருவருக்கும் யாரென்று தெரியாது.

காணாமல் போனவர்களைப் பதியும் இடத்தில் சனம் வெயிலில் நின்றது. தாய்மார், பெண்சாதிமார். உள்ளே மேசையில் இருந்த இளம் பெண் களைத்துப்போய்ப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். உறவினர் மட்டும்தான் பதியலாம் என்று கதவில் எழுதி ஒட்டியிருந்தது. பெயர், வயது, தொழில், கடைசியாகக் கண்ட இடம், உடுத்திருந்த உடுப்பு. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன்.

"நீங்க அவருக்கு என்ன முறை?"

பூரணம் அக்கா, "நாங்க பஸ்ஸில..." என்று தொடங்கினார். நான் அவர் கையை அமத்தினேன்.

"என்ட தம்பி."

அவள் பேனையை நிறுத்தினாள். "சொந்தத் தம்பியா? சித்தப்பா, பெரியப்பா வழியா?"

"கூடப் பிறந்த தம்பி."

எழுதினாள். அன்றிலிருந்து விசாரணை என்று எங்கே எப்போது கூப்பிட்டாலும், அவருக்கு அக்காவாகத்தான் போய் வருகிறேன்.